துவைக்காத துணி

மார்ச் 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். "டூடுல் நாய்க்குட்டிகள். கடிதம் மட்டும். போன் கிடையாது. அவசரக்காரர்கள் வேறு இடம் பார்க்கவும்" என்று போட்டிருந்தீர்கள். எனக்கு அவசரம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. என் கணவர் தூரத்து ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் அவரைச் சாலைதான் பார்க்கும். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடியப்போகிறது. மே மாதம் அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு குட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நாய் முடி பட்டால் எனக்குக் கண்ணும் மூக்கும் குழாயாகத் திறந்துகொள்ளும். டூடுலுக்கு முடியே கொட்டாது என்று கடைக்கு வரும் ஒருவர் சொன்னார். முடி கொட்டாத, பழுப்பு நிறமான, சாதுவான குட்டி ஒன்று வேண்டும். அவருடைய பெண் பொறுப்பானவள். நன்றாகப் பார்த்துக்கொள்வாள்.

எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சலவைக்கடை வைத்திருப்பவள்


மார்ச் 10

சலவைக்கடை அம்மாவுக்கு,

முடி கொட்டாது, பழுப்பு நிறம், சாது. நீங்கள் கேட்பது நாய்க்குட்டியா, கம்பளியா?

கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவேன். டூடுல் கலப்பு இனம். என் குட்டிகளுக்குத் தாய் ரெட்ரீவர், தகப்பன் பூடில். தாய்க்கு முடி கொட்டும், தகப்பனுக்குக் கொட்டாது. குட்டி யாரைக் கொண்டு பிறக்கும் என்று எழுதிக்கொடுக்க நான் கடவுள் இல்லை. சுருட்டை முடிக் குட்டிக்குக் கொட்டுவது குறைவு. ஆனால் அந்த முடியைத் தினமும் சீவ வேண்டும். இல்லாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். போன வருடம் ஒரு வீட்டுக்கு இவ்வளவும் சொல்லித்தான் கொடுத்தேன். சோபாவில் முடி ஒட்டுகிறது என்று நான்கே மாதத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அவன் இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறான். பெயர் 'திரும்பி வந்தவன்'. வாசலில் கார் நின்றால் இன்றைக்கும் ஓடிப் போய்ப் பார்க்கிறான்.

அதனால்தான் கடிதம் கேட்கிறேன். நாய் வளர்ப்புக்கு வருவதற்குமுன் நான் முடிவெட்டும் கடை வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போனில் எல்லோரும் நாய்ப்பிரியர்கள்தான். பேனாவைப் பிடித்தால் இரண்டாவது பத்தியில் சாயம் வெளுத்துவிடும். உங்கள் தொழிலில் உள்ளவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்திலும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இரண்டாவது பத்தியில் 'என் மகள்' என்கிறீர்கள். மூன்றாவது பத்தியில் 'அவருடைய பெண்' என்கிறீர்கள். இரண்டு பெண்களா, ஒரே பெண்ணா?

நாய்க்காரி


மார்ச் 15

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தது. ஒரு நாள் முழுக்க இஸ்திரி போட்டுக்கொண்டே உங்களைத் திட்டினேன். பிறகு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே பெண்தான். நான் அவருக்கு இரண்டாவது மனைவி. அவளைப் பெற்றவள் நோயில் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் வந்து ஒன்றரை வருடம். அவள் கெட்ட பெண் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னோடு பேசினால்தானே எதிர்த்துப் பேச முடியும்.

அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மா இல்லை, சித்தி இல்லை, ஆன்ட்டிகூட இல்லை. "சாவி எங்க இருக்கு?" என்று கதவைக் கேட்பாள். "சாப்பாடு ஆயிடுச்சா?" என்று அடுப்பைக் கேட்பாள். என்னைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும் என்றால் 'நீங்க'. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம் பேசுகிற மாதிரி அப்படி ஒரு மரியாதை. அவளுடைய அப்பாவை 'நீ' என்கிறாள். பக்கத்துக் கடைக்காரப் பாட்டியையே 'நீ' என்கிறாள். எனக்கு மட்டும் 'நீங்க'. நம் மொழியில் மரியாதையை வைத்தும் ஒருத்தியை வாசலிலேயே நிறுத்தி வைக்கலாம் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் தன் நாயோடு கடைக்குள் வந்தார். சுருட்டை முடி நாய். அது கவுண்டரில் முன்காலைப் போட்டு, பில் கேட்கிற மாதிரி நின்றது. இவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பாருங்க, ரசீது கேக்குது" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது போல, அப்படியே வாயை மூடிக்கொண்டாள். நான் தும்மிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கேட்டேன். அதற்காகத்தான் நாய்.

இவ்வளவுதான் சாயம். இனி வெளுக்க ஒன்றும் இல்லை.

சலவைக்கடைக்காரி


மார்ச் 23

சலவைக்கடை அம்மாவுக்கு,

நாய் கோந்து இல்லை. உடைந்ததை ஒட்டவைக்கும் என்று நினைத்து வாங்கிப்போனவர்கள் வீட்டில் கடைசியில் நாயும் உடைந்துதான் போகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, உங்களுக்கு ஒரு குட்டி தருகிறேன். தாய் போன வாரம்தான் ஈன்றாள். ஆறு குட்டிகள். எல்லாம் பார்ப்பதற்கு எலி மாதிரி இருப்பதால் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருக்கிறேன். யாருக்கு எது என்பதை நான்தான் முடிவு செய்வேன், வாங்குகிறவர்கள் இல்லை. உங்களுக்குப் பச்சை நூல்காரன். பால் குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவனை மிதிக்காமல் இடம் கேட்டு நுழைகிறான். கூச்சம் உள்ள வீட்டுக்கு அப்படி ஒருவன்தான் சரிப்படுவான்.

இந்த உறையில் இரண்டு பொட்டலம் இருக்கிறது. ஒன்றில் தாயின் முடி, மற்றொன்றில் தகப்பனின் முடி. ஒரு நாளைக்கு ஒன்று வீதம் தலையணையில் வைத்துப் படுங்கள். காலையில் மூக்கு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

பதிலுக்கு நீங்கள் ஒரு துணி அனுப்ப வேண்டும். இது என் வழக்கம், மாற்ற மாட்டேன். குட்டி யாருக்கோ, அவர் உடம்பில் போட்ட, அவர் படுத்துத் தூங்கிய துணி. இப்போது குட்டிகளுக்குக் கண் திறக்கவில்லை, காது கேட்காது, மூக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. அந்தத் துணியில் படுத்து வளர்ந்தால், புது வீட்டுக்கு வந்த அன்றைக்கே 'இவளை எனக்குத் தெரியுமே' என்று போய் ஒட்டிக்கொள்ளும்.

துவைக்காத துணியாக இருக்க வேண்டும். சோப்பு வாசனை அடித்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நாய்க்காரி


ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா,

(அக்கா என்று போட்டுவிட்டேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.)

தாயின் முடி என் தலையணைக்கு வந்த இரவு தும்மித் தும்மி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் கண் இரண்டும் வீங்கிப்போய்விட்டன. தகப்பனின் முடியோடு படுத்த அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். பச்சை நூல்காரன் அப்பாவைக் கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

துணி அனுப்பச் சொல்லி என்னைச் சரியாக மாட்டிவிட்டீர்கள். சலவைக்கடைக்காரி வீட்டில் துவைக்காத துணிக்கு எங்கே போவது? இந்த வீட்டில் கழற்றிப் போட்ட துணி தரையைத் தொடுவதற்குமுன் என் கைக்கு வந்துவிடும். அவர் லாரியை விட்டு இறங்கினால் முதலில் சட்டையைத்தான் பிடுங்குவேன். "ஏன்டி, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிக்கிறேன்" என்பார்.

இவள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போயிருக்கிறாள். அடுத்த வாரம்தான் வருவாள். அவளிடமே கேட்டிருக்கலாம், ஆனால் குட்டி விஷயம் வெளியே வந்துவிடும். அவளுடைய அறை முழுக்கத் தேடினேன். எல்லாம் நான் துவைத்து மடித்தவை. கடைசியில் தலையணை உறைக்குள் கையை விட்டால், சுருட்டி வைத்த ஒரு பழைய சட்டை. நீலக் கட்டம் போட்டது, காலர் நைந்தது. அளவு பெரிது. அவள் அப்பாவின் பழைய சட்டையை இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள் போலிருக்கிறது. அழுக்கு மணம் நன்றாகவே அடித்தது. என் கண்ணில் பட்டால் துவைத்துவிடுவேன் என்று ஒளித்து வைத்திருக்கிறாள், கள்ளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பற்றி நினைத்து நான் தனியாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இதோ அனுப்பிவிட்டேன். துவைக்கவில்லை. என் கை எவ்வளவு அரித்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அன்புடன்,
சலவைக்கடைக்காரி


ஏப்ரல் 7

அக்கா,

அந்தச் சட்டையை உடனே திருப்பி அனுப்புங்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்புங்கள். குட்டியிடமிருந்து எடுத்துவிடுங்கள். தட்டக்கூட வேண்டாம், காற்றில் உதறவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கக் கட்டி அனுப்புங்கள்.

அது அவளுடைய அம்மாவின் சட்டை.

நேற்றுச் சாயங்காலம் அவள் வந்தாள். பையை வைத்துவிட்டு நேராக அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒரு சத்தம். நான் ஓடினேன். கட்டில் முழுக்கக் கலைந்து கிடந்தது. தலையணை உறையை உள்பக்கம் வெளியே திருப்பிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ எடுத்தியா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நீ எதுக்கு அதைத் தொட்டே? எல்லாத்தையும்தான் துவைச்சிட்டியே. அம்மாவோட பெட்ஷீட்டு, அம்மாவோட ஸ்வெட்டர், எல்லாம் நீ வந்த முதல் வாரமே துவைச்சு அடுக்கிட்டே. அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுல மட்டும்தான் அம்மா வாசனை இருந்துச்சு."

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அலமாரியெல்லாம் தூசியாக இருந்தது. நல்ல பேர் எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் துவைத்தேன். அவள் சுற்றுலாவுக்குக்கூட அதை எடுத்துக்கொண்டு போகவில்லையாம், வெளி வாசனை ஏறிவிடும் என்று.

சட்டையில் பொத்தான் இடது பக்கம் இருந்தது, அக்கா. பெண்கள் சட்டை. என் கடையில் நாளெல்லாம் ஆண் சட்டை எது, பெண் சட்டை எது என்று பொத்தானைப் பார்த்துத்தான் பிரிக்கிறேன். மடிக்கும்போது என் விரல் அந்தப் பொத்தானில் பட்டது. மனதில் ஏறவில்லை.

பத்திரமாக ஒரு இடத்தில் இருக்கிறது, வந்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். உங்களிடம் போன் இருந்தால் இன்றைக்கே கேட்டிருப்பேன். உங்கள் பிடிவாதத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. ரயிலேறி வந்துவிடலாம் என்றால், இவளை இந்த நிலைமையில் தனியாக விட்டு எப்படி வருவது?

நான்


ஏப்ரல் 8

என் தங்கச்சிக்கு,

அக்கா என்று எழுதியது பிடித்திருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை, அதனால் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பச்சை நூல்காரனுக்குக் கண் திறந்துவிட்டது. முடி இப்போதே லேசாகச் சுருள்கிறது. உன் மூக்கு பிழைத்தது. சட்டை வந்த அன்றைக்கே அதன் கைக்குள் தலையை விட்டுக்கொண்டு படுத்துவிட்டான். மற்றவர்கள் வந்தால் முனகுகிறான். இடம் கேட்டு நுழைகிறவனுக்கு இப்போது சொத்து வந்துவிட்டது.

நேற்றுப் பாவம் வயிறு சரியில்லை. சட்டை முழுக்க நாசம். நாய்க்காரி வீட்டில் அசிங்கமாகத் துணி இருக்கிறது என்று சலவைக்கடைக்காரி நினைத்துவிடக் கூடாதே என்று, வெந்நீரில் கிருமிநாசினி போட்டு ஊறவைத்து, கசக்கி, நல்ல வெயிலில் காயவைத்துவிட்டேன். நைந்த காலரையும் தைத்திருக்கிறேன். புதுசு மாதிரி இருக்கிறது, போ. நீயே பார்த்தால் வேலைக்குக் கூப்பிடுவாய். குட்டி வாசனையைப் பிடித்துவிட்டான், இனி துணிக்கு அவசரமில்லை. மகள் இன்னொன்றைப் போட்டுத் தூங்கியதும் அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 11

தங்கச்சி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இதற்குள் என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். எனக்கு எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

துவைக்காதே என்று ஊருக்கெல்லாம் சட்டம் போடுகிறவள் நான். துவைத்ததும் நான்தான். உன் எதிரில் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டேன். நீ அந்த வீட்டு அலமாரிக்குச் செய்ததையே நான் இங்கே செய்திருக்கிறேன்.

சட்டையை அனுப்பிவிட்டேன். அதை மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெயில் மணமும் மருந்து மணமும்தான். குட்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்று நீ எழுதினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அவள் உன்னை 'நீ' என்றாளே, கவனித்தாயா? கோபத்தில் வந்ததுதான். வரட்டும். திருத்திவிடாதே.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. சட்டையும் வந்தது. முதல் கடிதத்தைப் படித்தபோது உங்களை எரித்துவிடலாம் போல இருந்தது. இரண்டாவதைப் படித்துவிட்டு அழுதேன். இப்போது இரண்டும் இல்லை.

பார்சல் வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவருக்குப் போன் போட்டேன். எங்கேயோ நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். "அவ போட்ட பவுடர் எனக்குத் தெரியும். இன்னமும் கடையில கிடைக்குது. வாங்கி லேசா தூவி, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் ரெண்டு சொட்டு காலர்ல தடவி, பெட்டியில போட்டு மூடி வை. சின்னப் பொண்ணு, அவளுக்கு எங்க தெரியப்போகுது?" என்றார். நல்ல மனசில்தான் சொன்னார்.

வாங்கிவிட்டேன், அக்கா. பவுடரும் எண்ணெயும் வாங்கிக் கொண்டுவந்து மடிக்கிற மேசைமேல் வைத்தேன். துணியில் ஏறிய வாசனையை எப்படிப் போக்குவது, எப்படி ஏற்றுவது என்பது என் தொழில். அவளை ஏமாற்றும் அளவுக்கு என்னால் செய்திருக்க முடியும். அதுதான் பயமாக இருந்தது. அவள் சாகும்வரை என் பவுடரை முகர்ந்துகொண்டு அம்மா என்று நினைத்திருப்பாள். நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னால் முடியவில்லை. டப்பாவைத் திறந்த கையால் மூடி வைத்துவிட்டேன்.

அவள் வந்ததும் சட்டையை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாய்க்குட்டி, பிறந்தநாள், உங்கள் வழக்கம், எல்லாம். அவள் சட்டையை எடுத்து முகத்தில் வைக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது போல.

"வெந்நீரா, பச்சத் தண்ணியா?" என்று கேட்டாள்.

"வெந்நீர்."

"மருந்து போட்டாங்களா?"

"போட்டாங்க."

"வெயில்ல காயவெச்சாங்களா?"

"ஆமா."

"அப்ப போச்சு," என்றாள்.

அது நான் கடையில் சொல்கிற 'அப்ப போச்சு', அக்கா. மை பட்ட துணியைக் கொண்டுவந்து வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். எதில் துவைத்தீர்கள், எப்படிக் காயவைத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் அதைச் சொல்வேன். ஒன்றரை வருடமாக மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் என் வாயைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஏதோ சொல்லப்போனேன். "நீ பேசாதே" என்றாள்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "அந்த நாய் அது மேலதான் படுத்துச்சா?" என்று தட்டைக் கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் அதைப் பாக்கணும்" என்றாள். வேண்டும் என்று சொல்லவில்லை, பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அழைத்துவரலாமா?

தங்கச்சி


ஏப்ரல் 20

தங்கச்சி,

வா. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்தால் வெயிலுக்குமுன் வந்துவிடலாம். நீ வெளியே பெஞ்சில் 'திரும்பி வந்தவனை' மடியில் வைத்துக்கொண்டு உட்கார். அவனும் சுருட்டைதான், தும்முகிறாயா என்று பார்த்துவிடலாம். அவளை மட்டும் உள்ளே விடு. அவளாகக் கேட்டால்தான் பச்சை நூல்காரன். நீ அவளுக்காகக் கேட்டால் தர மாட்டேன். அவனுக்காக இன்னொரு குடும்பமும் காத்திருக்கிறது.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. நான் சமைத்தால் நாய்தான் சாப்பிடும்.

அக்கா


ஏப்ரல் 28

தங்கச்சி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? திரும்பும்போது ரயிலடி வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை என்பதைப் பார்த்தேன். உன் முகம் போன போக்கையும் பார்த்தேன். நாய்ப் பட்டிக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உள்ளே வந்ததும் "எது?" என்றாள். காட்டினேன். உட்கார்ந்தாள். பச்சை நூல்காரன் ஓடிவந்து அவள் மடியில் ஏறுவான், நானும் உன்னிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவன் வந்து அவளுடைய ஷூ லேஸைக் கடித்து இழுத்தான். அவ்வளவுதான். பெரிய ஞானி ஒன்றுமில்லை அவன்.

அவள் அவனைத் தூக்கினாள். தலையை முகர்ந்தாள். கழுத்தை முகர்ந்தாள். வயிற்றைத் திருப்பி முகர்ந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். முடிவெட்டும் கடை நடத்தியவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

"நாய் வாசனைதான் வருது," என்றாள்.

"நாய்தானேம்மா," என்றேன்.

அப்புறம் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். அவன் பாட்டுக்கு அவள் சட்டைக் கையை மென்றுகொண்டிருந்தான். நான் தொடவில்லை. அழுது முடிந்ததும், "இதுக்கு அந்த வாசனை ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள்.

இருக்கும் என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பாள். "தெரியாதும்மா. நாய்க்கு மூக்குல ஞாபகம் ஜாஸ்திதான். ஆனா அப்ப இவன் ரொம்பச் சின்னவன். என்னால சொல்ல முடியாது," என்றேன். நீ பவுடர் டப்பாவை மூடியவள். உன் பெண்ணிடம் நான் மட்டும் எப்படித் திறப்பது?

"சரி," என்றாள். எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நீ மடியில் அந்தத் தடியனை வைத்துக்கொண்டு, கையில் கைக்குட்டையோடு, எப்போது தும்மல் வரும் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குட்டியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அவ எல்லாத்தையும் துவைச்சிடுவா. உன்னையும் துவைச்சிடுவா, ஜாக்கிரதை," என்றாள்.

'அவங்க' இல்லை, தங்கச்சி. 'அவ' என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை.

கேட்டேன், எடுத்துக்கிறியா என்று. "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். யோசிக்கட்டும். மே பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். வேண்டுமென்றால் புதுசாக ஒரு துணி அனுப்பச் சொல். அவனுக்கு இப்போது படுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பழைய சாக்கைப் போட்டால் முறைக்கிறான்.

அக்கா


மே 8

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. காரணத்தைப் படித்தால் நீங்கள் என்னைத் திட்ட மாட்டீர்கள்.

ஊருக்கு வந்தபிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் குட்டி என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எடுத்தால் நான் கேட்ட மாதிரி ஆகிவிடுமே. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அந்த நீலக் கட்டச் சட்டையைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருந்தாள். இஸ்திரி கையில் இருந்தபடியே நின்றுவிட்டேன்.

"என்ன பாக்கறே? இனிமே ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லல்ல," என்றாள். "நீங்க தெச்ச காலர் கோணலா இருக்குன்னு அந்த நாய்க்காரம்மாகிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டேன், அக்கா. கோணலாகத்தான் இருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் தன்னுடைய பனியன் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். போட்டுக்கொண்டு தூங்கியதாம். பார்சல் கட்டும் காகிதம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கட்டப்போனவள் நிறுத்தினாள்.

"நீயும் ஒண்ணு குடு."

"என்னோடது எதுக்கு? நாய் உன்னோடதுதானே. யாருக்கு நாயோ அவங்க துணியைத்தான் அனுப்பணும்."

"நான் ஸ்கூலுக்குப் போனா அது யார்கூட இருக்கும்? குடு. துவைச்சதைக் குடுக்காதே."

துவைக்காதது என்னிடம் ஏது? கடையில் வேலை செய்யும்போது மேலே கட்டிக்கொள்ளும் துணி ஒன்று இருக்கிறது. அதை அன்றைக்கு மாட்டிக்கொண்டவள் கழற்றவில்லை. இரவிலும் அதோடுதான் படுத்தேன். மூன்றாவது நாள் கழற்றி நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் சோப்பு அடிக்குது. இன்னும் போடு," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்கள் பட்டியில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், சட்டம் பேச ஒருத்தி தயாராக இருக்கிறாள்.

போட்டேன். ஒரு வாரமாக அழுக்குத் துணியோடு கவுண்டரில் நிற்கிறேன். "என்னம்மா, சலவைக்கடையில தண்ணி வரலையா?" என்று கிண்டல் செய்கிறார்கள். லாரியை விட்டு வீட்டுக்கு வந்த அவரும் என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். இவள் அவரிடம், "நீ சும்மா இரு, இது நாய் விஷயம்," என்றாள்.

இன்று காலை மறுபடி முகர்ந்தாள். இரண்டு தடவை முகர்ந்தாள். முகத்தைத் தூரமாக எடுக்கவில்லை, அக்கா. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, "ம். இது நீதான்," என்று சொல்லிவிட்டு, தன்னுடைய பனியனோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டினாள்.

அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். அவள் கேட்கச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பச்சை எனக்கு வேணும்னு எழுது. நான்தான் கேட்டேன்னு எழுது."

தங்கச்சி


மே 12

தங்கச்சிக்கு,

பார்சல் வந்தது. இரண்டையும் பிரித்துச் சோதித்தேன். சோப்பு வாசனை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போங்கள். சீப்பு ஒன்று வாங்கி வை, தினமும் சீவ வேண்டும் என்பதை மறக்காதே. காத்திருந்த குடும்பத்துக்குச் சிவப்பு நூல்காரியைக் கொடுத்துவிட்டேன். காலர் விஷயமாக உன் மகளிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

அவன் இரண்டு துணியையும் ஒன்றாக இழுத்துப் போட்டுப் படுத்திருக்கிறான். நேற்று உன்னுடையதன் மேல் ஒன்றுக்குப் போய்விட்டான்.

துவைக்கவில்லை.

அக்கா